கஞ்சி சொட்டிய காலர்

(கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'அனுபவமே ஆசான்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் கழித்தவன், இவனிடம் அனுபவம் நிறைய இருக்கும் என்று செயலாளர் நினைத்திருப்பார். இருக்கிறது. அது ஆசானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு வரப்புத் தகராறு சொல்கிறேன். ஒரு முழ அகலம்தான் வரப்பு. ஒரு குடும்பத்தில் தாத்தா கேஸ் போட்டார். என் சீனியர் நடத்தினார். அப்பா அப்பீலுக்குப் போனார், நான் நடத்தினேன். தோற்றோம். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பேரன் வந்தார். நல்ல படிப்பு, பெங்களூரில் வேலை. 'சார், அந்த வரப்பு விஷயமா ஒரு புது கேஸ் போட முடியுமா?' என்றார். மூன்று தலைமுறையும் செலவழித்த பணத்தில் வரப்புக்கு இரண்டு பக்கமும் இருந்த நிலத்தையே வாங்கியிருக்கலாம். பட்டால்தான் புத்தி வரும் என்கிறோமே, அது மெய்யானால் எங்கள் தொழில் எப்போதோ படுத்திருக்கும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதெல்லாம் இது எனக்குத் தோன்றும். வாங்காமல் விட்டேனா என்று கேட்காதீர்கள்.

ஆக, படுவது வேறு, படிப்பது வேறு. பட்டவர் எல்லோரும் படித்துவிடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வேலை நடக்கவேண்டியிருக்கிறது. அது என்ன வேலை என்று பொதுவாகப் பேசினால் நீங்களும் தூங்குவீர்கள், நானும் தூங்குவேன். அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். என் தொழிலில் இருந்தவர், தொடக்கத்தில் படுமோசமான வக்கீல். மோகன்தாஸ் காந்தி.

'சத்திய சோதனை' உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். பரிசாக வந்திருக்கும், பாதிப் பேர் வீட்டில் பிரிக்காமல் இருக்கும். 1925 கடைசியிலிருந்து 1929 தொடக்கம் வரை 'நவஜீவன்' வார இதழில் தொடராக வந்தது. நான் முதலில் பேச விரும்புவது அந்தத் தலைப்பைப் பற்றித்தான். தமிழில் சோதனை என்றால் இரண்டு பொருள். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்துக்கொண்டால், 'முருகா, இது என்ன சோதனை' என்று பாட்டி தலையில் கைவைத்துக்கொள்வாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டு நிற்கிறோமே, அதுவும் சோதனைதான். முன்னது நமக்கு வருவது. பின்னது நாம் செய்வது. குஜராத்தித் தலைப்பில் அவர் போட்டிருக்கும் சொல் 'பிரயோக்'. இரண்டாவது வகைச் சோதனை மட்டும்தான் அதில் உண்டு. எனக்கு இது வெகுநாள் தெரியாது. அரிச்சந்திரனுக்கு விசுவாமித்திரர் கொடுத்த மாதிரி காந்திக்குக் கடவுள் கொடுத்த கஷ்டங்களின் கதை என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். காந்தியும் சின்னப் பையனாக அரிச்சந்திரன் நாடகம் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தவர்தான், அதனால் என் தப்பு அப்படியொன்றும் பெரிய தப்பு இல்லை. ஆனால் தமிழ்ச் சொல்லின் அந்த இரட்டைப் பொருள், மூலத்தில் இல்லாத ஒன்றைத் தற்செயலாகச் சொல்லிவிடுகிறது. வந்த சோதனையைச் செய்த சோதனையாக மாற்றிக்கொண்ட ஆள் அவர். எப்படி மாற்றினார் என்பதுதான் இன்றைய பேச்சு.

லண்டனிலிருந்து தொடங்குவோம். 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்குப் போகிறார். சைவச் சாப்பாட்டுக்காரன், நாகரிகம் தெரியாதவன் என்ற பேச்சைச் சரிக்கட்ட முழு ஆங்கிலக் கனவானாகிவிடுவது என்று முடிவு செய்கிறார். உயரமான தொப்பிக்கு 19 ஷில்லிங். பாண்ட் தெருவில் தைத்த மாலை உடைக்கு 10 பவுன். அண்ணனுக்கு எழுதித் தங்கத்தில் இரட்டைச் சரக் கடிகாரச் சங்கிலி வரவழைக்கிறார். நடன வகுப்புக்கு 3 பவுன் கட்டி, மூன்று வாரத்தில் ஆறு பாடம் போகிறார். பியானோ ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது. காதைப் பழக்கினால் கால் பழகும் என்று இன்னொரு 3 பவுனுக்கு வயலின் வாங்குகிறார். மேடைப் பேச்சுக்குத் தனி வாத்தியார். கிட்டத்தட்ட மூன்று மாதம் இந்தக் கூத்து. பிறகு ஒருநாள், வாழ்நாள் முழுக்க இங்கிலாந்திலா இருக்கப்போகிறோம் என்று உறைக்கிறது, எல்லாவற்றையும் விடுகிறார்.

நம்மில் பலரும் இந்த இடம் வரைக்கும் வருவோம். 'போதும்டா சாமி' என்று விடுவோம், அடுத்த பொங்கலுக்கு வேறொன்றில் விழுவோம். காந்தி என்ன செய்தார்? ஒரு கணக்கு நோட்டு போட்டார். பஸ் கட்டணம், தபால்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த ஒன்றிரண்டு காசு, எல்லாம் அதில் ஏறும். இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்ப்பார். செலவு கண்ணில் பட்டதும் வீடு மாறினார், அறை குறைந்தது, பஸ்ஸுக்குப் பதில் நடை வந்தது. ஆடம்பரம் கூடாது என்ற பாடத்தை அவர் கற்றார் என்று நான் சொல்லமாட்டேன். உடையில் மிடுக்கு அதற்குப் பிறகும் பல வருஷம் அவரை விடவில்லை, அவரே ஒப்புக்கொள்கிறார். கற்றது கணக்கு எழுத. பின்னாளில் லட்சக்கணக்கில் பொதுப்பணம் கையில் புரண்டபோது கடன் வைக்காமல் நடத்த முடிந்தது அந்தப் பழக்கத்தால்தான் என்பது அவர் கணிப்பு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்புகிறார். பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் கேஸ். மாமிபாய் என்ற பெண்மணி கட்சிக்காரர். தரகருக்குக் கமிஷன் தரமாட்டேன் என்று அடம்பிடித்து, 30 ரூபாய் கட்டணத்துக்கு எடுத்த கேஸ். ஒரே நாளில் முடியக்கூடிய சின்ன விவகாரம். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும், அவ்வளவுதான். எழுந்து நிற்கிறார். தலை சுற்றுகிறது. கோர்ட்டே சுற்றுகிறது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிடுகிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும். என் முதல் குறுக்கு விசாரணை ஒரு கைமாற்றுக் கடன் கேஸ். சாட்சி மளிகைக்கடைக்காரர். ராத்திரி முழுக்க விழித்து இருபத்திரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தேன். எழுந்ததும் கையிலிருந்த தாள் ஆடிய ஆட்டத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டேன். முதல் விசாரணையிலேயே பெயர், தகப்பனார் பெயர், கடை விலாசம் எல்லாம் சொல்லிவிட்டவர் அவர். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னாலிருந்து சீனியர் என் கோட்டு வாலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அன்றைக்கு எனக்கு ஜுரம் என்று பத்து வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே ஜுரம் இருந்ததாக ஞாபகம் வந்துவிட்டது. என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், பாருங்கள்.

காந்தி ஜுரம் என்று சொல்லவில்லை. என்னால் முடியாது, படேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வாங்கிய முப்பதையும் விட்டுவிட்டு வெளியேறினார். படேலுக்கு 51 ரூபாய். கட்சிக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்கா போகும்வரை கோர்ட்டில் வாய் திறக்கவில்லை. பிறகு 75 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆங்கில ஆசிரியர் வேலை என்ற விளம்பரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பி.ஏ. இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியவர், லத்தீன் படித்தவர், ஒன்றும் எடுபடவில்லை.

தோல்வியில் துவளாதே என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாமல் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தச் சமயத்தில்தான் ஓர் ஏழை முஸ்லிமுக்காக ஒரு மனு எழுதித் தருகிறார். போர்பந்தரில் அவருடைய நிலம் பறிபோன விவகாரம். கூலி கிடையாது. நண்பர்களிடம் படித்துக் காட்டுகிறார், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வாய் வராத ஆளுக்குக் கை வந்தது. பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதியே மாதம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார். சொந்தக் கோளாறைக் கோளாறு என்று சொன்ன பிறகுதான் எது நன்றாக வருகிறது என்பது கண்ணில் பட்டது. நான் ஜுரத்தில் பத்து வருஷம் கிடந்தேன்.

1893-இல் தென்னாப்பிரிக்கா. தாதா அப்துல்லா கம்பெனி தன் கேஸ் ஒன்றுக்காகக் கூப்பிடுகிறது; ஒரு வருஷத்துக்கு 105 பவுன், போகவர முதல் வகுப்புக் கட்டணம். இந்த இடத்தில் நீங்கள் எல்லோரும் ரயிலை எதிர்பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கேஸ் முழுக்கக் கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. கம்பெனி குமாஸ்தா வாயைத் திறந்தால் 'பி. நோட்டு, பி. நோட்டு' என்கிறார். பாரிஸ்டருக்கு அது என்னவென்று தெரியவில்லை. அகராதியைப் புரட்டினால் அதிலும் இல்லை. என்ன செய்வார் ஒரு இளம் வக்கீல்? தலையை ஆட்டிக்கொண்டே சமாளிப்பார். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். இவர் குமாஸ்தாவிடமே, எனக்குத் தெரியாது, சொல்லுங்கள் என்று கேட்டார். பிராமிசரி நோட்டு! நம்மூர்ப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த புரோநோட்டு. பிறகு கணக்கியல் புத்தகம் ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்து படித்தார்.

ரயில். 1893 ஜூன் 7, பீட்டர்மாரிட்ஸ்பர்க். முதல் வகுப்பிலிருந்து தள்ளப்பட்டார்; குளிர்; மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி ரயில்வேக்காரர்களிடம் இருந்தது, கேட்டால் இன்னும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு இந்தக் கதையோடு ஒரு சண்டை உண்டு. பள்ளிக்கூட நாடகங்களில் பையன் பிளாட்பாரத்தில் விழுவான், விளக்கு அணையும், எரியும்போது மகாத்மாவாக எழுந்திருப்பான். நடந்தது அப்படியா? மறுநாள் மாலை வண்டியைப் பிடித்து மேலே போனார். சார்லஸ்டவுனிலிருந்து கோச்சு வண்டியில் போகும்போது அதன் தலைவன் கையால் அடி வாங்கினார். அதற்கு மேலும் பிரிட்டோரியா போய், எடுத்துக்கொண்ட வேலையை மாதக்கணக்கில் செய்தார். கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார். பக்கத்தில் ஒரு நாவிதருக்கும், ஒரு குமாஸ்தாவுக்கும், ஒரு சின்னக் கடைக்காரருக்கும் அவரவர் இடத்துக்கே போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். லண்டனில் விருந்துக்கு நன்றி சொல்லவே நாக்கு புரளாதவர், இந்திய வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து வியாபாரத்தில் உண்மை பேசுவதைப் பற்றிப் பேசினார். அவருடைய முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

40,000 பவுன் கேஸ். விவரங்களைக் கரைத்துக் குடித்திருந்ததால், கட்சிக்காரர் பக்கம் வலுவாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள், ஒரே ஊர். கோர்ட்டிலேயே கிடந்தால் வக்கீல் கட்டணத்தில் இருவரும் கரைவார்கள் என்பதும் தெரிந்தது. மத்தியஸ்தத்துக்கு இழுத்துவந்தார். தாதா அப்துல்லாவுக்கு 37,000 பவுனும் செலவும் கிடைத்தது. எதிரி தையப் சேட்டால் அதை ஒரே தடவையில் கட்ட முடியாது, கட்டினால் திவால். ஜெயித்த கட்சிக்காரரிடம் மன்றாடி நீண்ட தவணை வாங்கிக்கொடுத்தார். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்கவைத்ததைவிட அந்தத் தவணையை வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது என்கிறார். வக்கீல் தொழில் என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்ததாம். என் வரப்புக் கேஸை நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து டர்பனில் வழியனுப்பு விருந்து நடக்கும்போதுதான், இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிப் பத்திரிகை மூலையில் ஒரு துண்டுச் செய்தியைப் பார்க்கிறார். ஒரு மாதம் தங்கு என்கிறார்கள். தங்குகிறார். 1894. ரயிலிலிருந்து தள்ளப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷம் இல்லாமல் அந்த ராத்திரிக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

இப்போது காலர். டர்பனில் வக்கீலாக நிலைத்தபின், சலவைச் செலவு தாங்கவில்லை. ஒரு காலரை வெளுக்கக் கொடுக்கும் காசு, புதுக் காலர் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. வெளுப்பது பற்றி ஒரு புத்தகம் வாங்கினார். தானே துவைத்துக் கஞ்சி போட்டார். கஞ்சி அதிகம். இஸ்திரிப் பெட்டியில் சூடு போதவில்லை. காலர் கருகிவிடுமோ என்ற பயத்தில் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அதை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், விறைப்பாக நிற்கிற காலரிலிருந்து கஞ்சி சொட்டுகிறது. சக வக்கீல்கள் சிரித்தார்கள். இது முதல் முயற்சி, எனக்கொன்றும் நஷ்டமில்லை, உங்களுக்கும் பொழுது போகிறது என்று இவரும் சேர்ந்துகொண்டார். இந்தக் காலரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அடுத்தது முடி. பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் இவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தி கத்தரி வாங்கிவந்து, கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருமாதிரி வந்தது. பின்பக்கம் பாழ். கோர்ட்டில் மறுபடி சிரிப்பு: எலி கடித்துவிட்டதா? நடந்ததைச் சொன்னார். இதுவரைக்கும் இது கோபக் கதை. ஆனால் எழுதும்போது அவர் போகிற இடம் வேறு. அந்த நாவிதர் மேல் தப்பில்லை, கறுப்பர்களுக்கு வெட்டினால் அவர் பிழைப்பு போய்விடும் என்கிறார். நம் ஊர் நாவிதர்களைத் தீண்டத்தகாதவர் என்று நாம் ஒதுக்கியவர்களுக்கு வெட்ட விடுகிறோமா? அந்தப் பாவத்துக்குக் கூலி எனக்கு இங்கே கிடைக்கிறது என்று நினைத்ததால் கோபம் வரவில்லை என்கிறார்.

சட்டக் கல்லூரியில் படிக்கும்போது இந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே புரட்டிவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோது புத்தகத்தை மூடவேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி ஒரு பையன் இருந்தான். காலனிப் பையன். எங்களுக்கெல்லாம் வீட்டுத் திண்ணைக்கே வந்து முடி வெட்டுவார்கள். அவனுக்கு அவன் அப்பா வெட்டிவிடுவார், எந்தக் கத்தரியோ, பின்மண்டையில் படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒரு திங்கட்கிழமை வகுப்பே சிரித்தது. 'என்னடா, எலி கரண்டிடுச்சா?' என்று கேட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். அவன் பதில் சொல்லவில்லை. ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏன் அவன் அப்பா வெட்டுகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அது கேட்கிற விஷயமே இல்லை. இந்த அனுபவம் எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. அது அனுபவம் என்று தெரிய நாற்பது வருஷம் பிடித்தது. அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது எங்கே என்று தெரியாது. விசாரித்தேன்.

காந்தியை உயரத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட எனக்கு மனமில்லை. முடி விஷயத்தில் அவ்வளவு தெளிவாக யோசித்தவர்தான், 1898-இல் டர்பன் வீட்டில் நடந்துகொண்டதைப் பாருங்கள். அறைகளில் சிறுநீர்ப் பாத்திரங்கள் இருந்தன. ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தா புதிதாக வந்து தங்கியிருந்தார். அவருடைய பாத்திரத்தை மனைவி கஸ்தூர்பா எடுக்கவேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, சிரித்த முகத்தோடு எடுக்கவேண்டும். அழுதுகொண்டே அவர் படியிறங்குவதைப் பார்த்துக் காந்தி கத்தினார். கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய்க் கதவைத் திறந்தார். உங்களுக்கு வெட்கமில்லையா, அந்நிய ஊரில் நான் எங்கே போவேன் என்று கஸ்தூர்பா கேட்ட பிறகுதான் கதவு மூடியது. இதை முப்பது வருஷம் கழித்து ஊரறிய எழுதியது பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். சோதனை செய்தவர் அவர். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தவர் அந்த அம்மாள். நாம் வளர்ந்த கதையைச் சொல்லும்போது, நாம் வளர யார் யார் வதைபட்டார்கள் என்ற பட்டியல் பெரும்பாலும் விட்டுப்போகிறது. என் பட்டியலில் முதல் பெயர் முன்வரிசையில் இருக்கிறது. இப்போது சிரிக்கவில்லை.

நேரமாகிவிட்டதென்று செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். காலருக்குத் திரும்பிவிடுகிறேன்.

1912-இல், காந்தி தம் அரசியல் குருவாக மதித்த கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். ஜோஹானஸ்பர்க்கில் அவருக்கு விருந்து. அவரிடம் ஓர் அங்கவஸ்திரம் இருந்தது. கோகலேயின் குரு மகாதேவ கோவிந்த ரானடே கொடுத்தது. ரானடே போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் துணியைக் கோகலே முக்கியமான சமயத்தில் மட்டும்தான் எடுப்பார். எடுத்துப் பார்த்தால் கசங்கிக் கிடக்கிறது. வெளுக்கக் கொடுக்க நேரமில்லை. நான் தேய்த்துத் தருகிறேன் என்கிறார் காந்தி. வக்கீல் வேலை என்றால் உன்னை நம்பலாம், சலவை வேலைக்கு நம்பமாட்டேன், கறையாக்கிவிட்டால் என்ன செய்வது என்று கோகலே தயங்குகிறார். இது யார் கொடுத்தது தெரியுமா என்று ரானடே கதையையும் சொல்கிறார். காந்தி விடவில்லை.

கஞ்சி சொட்டிய நாளுக்கும் இதற்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. அதற்குள் எத்தனை காலர், எத்தனை வேட்டி, கணக்கு இல்லை. தேய்த்துக் கொடுத்தார். கோகலே வாங்கிப் பார்த்தார், திருப்தியாகத் தோளில் போட்டுக்கொண்டார். இனி உலகமே சான்றிதழ் தர மறுத்தாலும் கவலையில்லை என்று காந்திக்கு அவ்வளவு சந்தோஷம். வைஸ்ராய் வரை எத்தனையோ பெரிய விஷயம் பார்த்த மனிதர் இந்தத் துணியை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இஸ்திரிப் பெட்டி இந்தத் தடவை எவ்வளவு சூடாக இருந்தது என்று மட்டும் எழுதவில்லை.